குரலுக்கென்று ஒரு சிறு ஸ்பீக்கர்: வீட்டுக் கரோக்கிக்கு எதை வாங்குவது, ஏன்

பணி ஓய்வுக்குப் பிறகு என் சித்தப்பா கரோக்கியில் இறங்கினார். ஹாலில் டிவியோடு இணைத்த 5.1 ஹோம் தியேட்டர் ஏற்கெனவே இருந்தது. அதன் முகப்பில் மைக் செருக இரண்டு துளைகளும் இருந்ததால், ஒரு மைக் மட்டும் வாங்கினால் போதும் என்று அவர் கணக்குப் போட்டதில் தவறு சொல்ல முடியாது. பாடகர் குரல் இல்லாத மைனஸ் ஒன் டிராக்கை ஓடவிட்டுப் பல்லவியை எடுத்தார். முதல் வரி தெளிவாகவே கேட்டது. டிரம்ஸ் சேர்ந்ததும் நிலைமை மாறியது: ஒவ்வொரு அடி விழும்போதும் அவருடைய குரல் ஒரு படி உள்ளே இறங்கி, அடுத்த கணம் மேலே வந்தது. மைக் ஒலியைக் கூட்டினால் விசில் அடித்தது. குறைத்தால் குரல் டிராக்குக்குள் மூழ்கியது. "வயசாயிடுச்சுடா, குரல் எழும்ப மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு மைக்கைச் சோபாவில் வைத்துவிட்டார். நான் ரிமோட்டை வாங்கி, பேஸ் அளவை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, அதே பாட்டை மறுபடி பாடச் சொன்னேன். குரல் அசையாமல் நின்றது.

அவருடைய குரலில் குறை எதுவும் இருக்கவில்லை. டிராக்கின் பேஸ் ஒலிக்கும் அவருடைய குரலுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபையர், ஒரே மின்வழங்கி. பேஸ் அடி விழும் கணத்தில் இருக்கும் சக்தியையெல்லாம் அது இழுத்துக்கொள்ள, மிச்சம் இருந்ததைக் கொண்டு குரல் ஒலித்தது. வீட்டில் கரோக்கி பாட ஸ்பீக்கர் தேடுபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதிலிருந்தே தொடங்குகிறது. பாட்டுக் கேட்பதற்காகச் செய்த ஸ்பீக்கரும் பாடுவதற்கான ஸ்பீக்கரும் வேறு வேறு பொருள்கள். கையில் இருக்கும் டிவியோ ஹோம் தியேட்டரோ டிராக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். வாங்கப் போகும் சிறு ஸ்பீக்கரைக் குரலுக்கென்றே ஒதுக்குவதுதான் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல தீர்வு.

பதிவு செய்யப்பட்ட பாட்டு நம் வீட்டுக்கு வரும்போதே பக்குவப்பட்டு வருகிறது. ஸ்டுடியோவில் பாடகரின் குரலைக் கம்ப்ரசர் வழியாக அனுப்பி, உச்சங்களைத் தட்டி, மெல்லிய இடங்களைத் தூக்கி, பேஸோடும் வயலினோடும் மோதாதபடி இடம் பிரித்து வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கரிலும் அது இனிமையாகக் கேட்கிறது. மைக்கில் நேராக வரும் குரலுக்கு அந்தப் பக்குவம் எதுவும் இல்லை. அடிமூச்சில் ஒரு வரியும், அடுத்த வரியின் மேல்ஸ்தாயியில் உச்சமும், 'ப'கரம் வரும் இடத்தில் காற்று மோதும் அதிர்ச்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சராசரி அளவைவிட 15 டெசிபல் (ஒலியளவின் அலகு) மேலே எழும் உச்சங்கள் சாதாரணக் குரலிலேயே உண்டு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஆம்ப்ளிஃபையர் இரண்டு மடங்கு சக்தியைத் தர வேண்டும் என்பதால், 15 டெசிபல் என்றால் 32 மடங்கு. சராசரிக்கு 1 வாட் செலவாகும் இடத்தில் உச்சத்துக்கு 32 வாட் கையிருப்பு இருக்க வேண்டும். அந்தக் கையிருப்பு இல்லாத பெட்டியில் குரலின் உச்சம் நசுங்கி, தகரத்தில் ஆணி உரசுவது போன்ற ஒலியாக வெளிவரும்.

குரலையும் இசையையும் வெவ்வேறு வழியில் கையாள்வது புதிய யோசனையும் அல்ல. ஜப்பானில் கோபே நகரத்து இசைக்கலைஞர் இனோவே டைசுகே 1971இல் உருவாக்கிய '8 ஜூக்' என்ற பெட்டியில் 8 டிராக் டேப் இசையைத் தந்தது. குரல் மைக் வழியாக வந்தது. அதற்கும் முன்பே 1967இல் தோக்கியோவில் நெகிஷி ஷிகெயிச்சி இதே போன்ற ஒரு கருவியைச் செய்திருந்தார். 'வெற்று' என்று பொருள்படும் 'கரா'வும் 'ஆர்க்கெஸ்ட்ரா'வின் ஜப்பானிய உச்சரிப்புச் சுருக்கமும் சேர்ந்து பிறந்த சொல் கரோக்கே. நம் ஊரில் அது கரோக்கி ஆனது. பாடகர் இல்லாத வாத்திய இசை என்ற பொருளை நம்மவர்களின் 'மைனஸ் ஒன்' இன்னும் நேராகவே சொல்லிவிடுகிறது.

குரலுக்கு எவ்வளவு பேஸ் வேண்டும் என்பதைக் கட்டைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். 1 கட்டையில் பாடும் ஆணின் ஆதார ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 131 அதிர்வு. அதற்குக் கீழே மந்த்ரஸ்தாயிப் பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். 5 கட்டையில் பாடும் பெண்ணின் ஆதார ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். தாரஸ்தாயிப் பஞ்சமம் ஏறத்தாழ 588 ஹெர்ட்ஸ். திரைப்பாட்டு பாடும் பெரும்பாலோரின் சுருதி எல்லை 98க்கும் 600க்கும் இடையே அடங்கிவிடுகிறது. இந்த எல்லையின் அடிப்பகுதியைத் தொட தாழ்ந்த ஒலிக்கான 5 அல்லது 6 அங்குல ஊஃபரே போதுமானது. சப் ஊஃபர் வேலை செய்யும் 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பாடுபவரின் குரல் இல்லவே இல்லை. அங்கே இருப்பது மைக்கைக் கை மாற்றும் சத்தமும் மூச்சுக்காற்றின் மோதலும்தான். குரல் ஸ்பீக்கருக்கு சப் ஊஃபர் தேடிப் பணம் போடுவது வீண் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

கவனம் போக வேண்டிய இடம் மேல்பகுதி. சுருதி எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் சொல் புரிவது 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளால். 'ச', 'ஸ' போன்றவற்றின் கூர்மை 5,000க்கும் மேலே இருக்கிறது. தமிழில் பாடுபவர்களுக்கு இதில் தனியான அக்கறை ஒன்று உண்டு. ழகரத்தை ஒலிக்க நாக்கை மடிக்கும்போது குரலின் மூன்றாவது ஒத்ததிர்வு (வாய்க்குழியில் ஒலி வலுப்பெறும் இடங்களில் மூன்றாவது) கீழே இறங்கி 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது; லகரத்திலிருந்து அதைக் காது பிரித்தறிவது பெரும்பாலும் அந்த இறக்கத்தை வைத்துத்தான். மலிவான இரட்டை ஸ்பீக்கர் பெட்டிகளில் ஊஃபருக்கும் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்கும் இடையே ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் சுற்று ஒரே ஒரு கெபாசிட்டரோடு முடிந்துவிடுவது வழக்கம். அப்படிப்பட்ட பெட்டியில் 2,000க்கும் 4,000க்கும் இடையே ஒலி குழிவிழுந்து போகக்கூடும். பேஸும் ட்ரிபிளும் தூக்கலாக இருப்பதால் பாட்டுக் கேட்கும்போது அந்தக் குழி தெரியாது, சொல்லப்போனால் கவர்ச்சியாகவே இருக்கும். பாடும்போதுதான் 'வாழை'யும் 'வாளை'யும் 'வாலை'யும் ஒன்றாகிவிடும்.

வாட் கணக்கில் ஏமாறுவதுதான் அடுத்த சிக்கல். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் பிஎம்பிஓ (கணநேர உச்ச சக்தி) எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. அதைப் படிக்கவே வேண்டாம். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைக் குறிக்க ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண்தான் ஓரளவு பொருள் உள்ளது. அதையும் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஸ்பீக்கரோடு வரும் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே போவதே 24 வாட்தான். பேட்டரி இல்லாத அந்தப் பெட்டி தொடர்ந்து 100 வாட் தர வழியே இல்லை. கடைக்காரர் எடுத்துச் சொல்லாத உண்மையை அந்தச் சிறு எழுத்து சொல்லிவிடும்.

வாட்டைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. பெட்டியின் மேல் அது பெரும்பாலும் இருக்காது, விவரப் பட்டியலில் தேட வேண்டும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி வருகிறது என்ற உணர்திறன் அளவுதான் அது. வீட்டு அலமாரி ஸ்பீக்கர்களில் 86 டெசிபல் சாதாரணம்; மேடைக்கென்று செய்யும் 8, 10 அங்குலப் பெட்டிகள் 95ஐ ஒட்டி நிற்கும். 9 டெசிபல் வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஆனால் 95 டெசிபல் பெட்டி 50 வாட்டில் எழுப்பும் ஒலியை 86 டெசிபல் பெட்டியிலிருந்து பெற 400 வாட் கொடுக்க வேண்டும். 50 வாட் கொடுத்தால் 86 டெசிபல் பெட்டி 1 மீட்டரில் 103 டெசிபலைத் தொடும். சுவர்களின் உதவியைக் கணக்கில் கொள்ளாவிட்டால் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம் அது 94 ஆகக் குறைந்துவிடும். சராசரி 85, உச்சம் 100 என்று பாடும் ஒருவருக்கு அது பற்றாது. 95 டெசிபல் பெட்டிக்கோ அதே 50 வாட்டில் இடம் மிச்சம் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் எல்எஸ்3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கரை வடிவமைத்தது. 5 லிட்டர் கொள்ளளவே உள்ள பெட்டி. மனிதக் குரலை உள்ளது உள்ளபடி கேட்டு மதிப்பிடுவதே அதன் வேலை. குரலின் இயல்பை அவ்வளவு உண்மையாகக் காட்டிய சிறு பெட்டிகள் அரிது என்று இன்றும் அதைப் போற்றுகிறார்கள். ஆனால் அதன் உணர்திறன் ஏறத்தாழ 82 டெசிபல், தாங்கும் சக்தி ஏறத்தாழ 25 வாட். பதிவான குரலை 2 மீட்டரில் அமர்ந்து கேட்க அதைவிடச் சிறந்தது கிடைப்பது கடினம். மைக்கை இணைத்து அதில் உச்சஸ்தாயியில் பாடினால் மூச்சுத் திணறிவிடும். நல்ல ஸ்பீக்கரா என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த வேலைக்கு நல்லது என்றும் கேட்க வேண்டும்.

சந்தையில் கிடைப்பவற்றை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். மைக்கின் கழுத்திலேயே ஸ்பீக்கர் பொருத்திய விளையாட்டுப் பொருள்கள் குழந்தைகளுக்கு நன்று. ஒலி எழுப்பும் ஸ்பீக்கரும் அதை வாங்கும் மைக்கும் ஒரு சாண் தூரத்தில் இருப்பதால் கொஞ்சம் கூட்டினாலும் கூவிவிடும். வண்ண விளக்கு எரியும் பார்ட்டி ஸ்பீக்கர்களில் மைக் துளையும் எதிரொலிக் குமிழும் இருக்கின்றன, சத்தத்துக்கும் குறைவில்லை. ஆனால் அவை பேஸைத் தூக்கிக் காட்டவே பிறந்தவை. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று பேஸ் அடிக்கும்போது மொத்த ஒலியையும் அமுக்குவதால் சித்தப்பா வீட்டில் நடந்ததே இங்கும் நடக்கும். அவற்றைக் குரலுக்கு மட்டும் பயன்படுத்தி, டிராக்கை வேறு பெட்டியில் ஓடவிட்டால் நடத்தை வெகுவாகத் திருந்திவிடும். ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்கும் முன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

கிதார் ஆம்ப் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது என்பதற்காக மைக்கை அதில் செருக வேண்டாம். மின்கிதாருக்கான ஆம்ப்களில் ட்வீட்டர் இருக்காது. 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலி சரிந்துவிடுவதால் மெய்யெழுத்துகள் மழுங்கும். கீபோர்டு ஆம்ப், அக்கூஸ்டிக் கிதாருக்கான ஆம்ப் ஆகியவற்றில் ட்வீட்டரும் மைக் துளையும் சேர்ந்தே இருப்பதுண்டு. பழையது நல்ல நிலையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஸ்டுடியோ மானிட்டர் எனப்படும் 5 அங்குல ஜோடிகள் தெளிவானவை. ஆனால் அவை 1 மீட்டர் தூரத்துக்குச் செய்யப்பட்டவை, மைக் துளை இல்லாதவை, ஒரு நீண்ட விசில் அடித்தால் அவற்றின் மென்மையான ட்வீட்டர் பாழாகிவிடும் அபாயமும் உள்ளவை.

என் பரிந்துரை ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அமைந்த, மைக்கை நேராகச் செருகக்கூடிய, ஒற்றைச் சிறு பெட்டிகளின் பக்கம்தான். இசைக்கலைஞர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்க மேடையில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் வகை இது. 4 அங்குல ஸ்பீக்கர் கொண்ட யமஹா எம்எஸ்101, ஆறரை அங்குல ஸ்பீக்கரும் அதன் நடுவிலேயே ட்வீட்டரும் கொண்ட ரோலண்ட் சிஎம்-30, 5 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட பெரிங்கர் பி205டி ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. 10க்கு 12 அடி அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்க இந்த அளவே நிறைவு. ஹால் பெரிது, இருபது பேர் கூடுவார்கள் என்றால் 8 அங்குல ஆக்டிவ் (ஆம்ப்ளிஃபையர் உள்ளடங்கிய) மேடைப் பெட்டி ஒன்றுக்குப் போகலாம். 'ஒன்று' என்பதை அழுத்திச் சொல்கிறேன். குரலுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. பாடுபவர் ஒருவர், குரல் வர வேண்டிய இடமும் ஒன்று. ஒரே பணத்தில் இரண்டு சுமாரான பெட்டிகள் வாங்குவதைவிட ஒரு நல்ல பெட்டி வாங்குவது மேல்.

மைக் துளை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு எண்களே சாட்சி. 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 உலகெங்கும் பாடகர்கள் கையில் பார்க்கும் மைக். 94 டெசிபல் ஒலி அதன் மேல் விழும்போது அது தருவது 2 மில்லிவோல்டுக்கும் குறைவு. வீட்டு ஆம்ப்ளிஃபையரில் வெளிக்கருவிகளை இணைக்கும் ஆக்ஸ் துளை எதிர்பார்ப்பதோ ஏறத்தாழ 300 மில்லிவோல்ட். ஆகவே ஆக்ஸில் பின் மாற்றி மைக்கைச் செருகினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும். இடையில் 150 மடங்கு பெருக்கித் தர ஒரு சுற்று வேண்டும். அதன் தரம்தான் குரலோடு இரைச்சலும் சேர்ந்து வருகிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஹோம் தியேட்டர்களில் இந்தச் சுற்று பெயருக்கு இருக்கும். கால் அங்குலப் பின் மட்டுமன்றி மூன்று முள் எக்ஸ்எல்ஆர் துளையும், அதற்கெனத் தனியாகக் கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) குமிழும் இருந்தால் தயாரித்தவர் அதில் அக்கறை காட்டியிருக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம்.

அந்த வசதி இல்லாத ஸ்பீக்கர் பிடித்துப்போனால் சிறு மிக்சர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். யமஹா எம்ஜி06எக்ஸ் போன்றவற்றில் இரண்டு மைக் வழிகளும் ரிவெர்ப் முதலிய ஒலிச்சேர்க்கைகளும் உண்டு. 'எக்கோ' பற்றி இங்கே ஒரு சொல். மலிவான கரோக்கி ஆம்ப்களைத் திறந்தால் பிடி2399 என்ற சிறு சில்லு பலவற்றில் கண்ணில் படும். குரலை ஏறத்தாழ 30 முதல் 340 மில்லிவிநாடி வரை தாமதப்படுத்தித் திருப்பித் தருவது அதன் வேலை. தாமதம் கூடக் கூட இரைச்சலும் கூடும். ரிவெர்ப் அப்படியல்ல, ஒரு மண்டபத்தின் கார்வையைக் குரலைச் சுற்றிப் போர்த்துகிறது. எக்கோவை நிறைய வைத்தால் சுருதி விலகல் மறையும் என்பது உண்மை, சொல்லும் சேர்ந்து மறையும் என்பதும் உண்மை. மெதுவான பாட்டில் கொஞ்சம் ரிவெர்ப், வேகமான பாட்டில் அதிலும் பாதி என்பது என் அளவு.

புளூடூத் விஷயத்தில் குழப்பம் மிகுதி. சாதாரண புளூடூத் இணைப்பில் ஒலி 150 முதல் 250 மில்லிவிநாடி வரை தாமதமாக வருகிறது. டிராக் அந்தத் தாமதத்தோடு வந்தால் பாதகமில்லை. பாடுபவர் காதில் விழும் டிராக்கைப் பின்பற்றித்தான் பாடுகிறார், திரையில் வரிகள் ஒரு கணம் முன்னால் ஓடும், அவ்வளவுதான். குரல் அப்படி வரக் கூடாது. தன் பேச்சையே ஏறத்தாழ 200 மில்லிவிநாடி தாமதமாகக் கேட்பவர் நாக்குழறிப் போகிறார் என்பதை 1950இலேயே ஆய்வாளர் பெர்னார்ட் லீ எழுதிக் காட்டினார். புளூடூத்தின் தாமதம் சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது நம் துரதிர்ஷ்டம். போனில் மைக்கைச் செருகி, கரோக்கி செயலியில் பாடி, அதைப் புளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்புபவர்கள் தாளம் விட்டுத் தடுமாறுவது திறமைக் குறைவால் அல்ல. காற்றில் ஒலி 1 மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவிநாடி ஆகிறது. 3 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரிலிருந்து 9 மில்லிவிநாடி தாமதமாகக் கேட்டால் யாருக்கும் உறுத்துவதில்லை. குரலின் முழுப் பாதையும் அந்த எல்லையை ஒட்டி இருக்க வேண்டும் என்றால் வயர்தான் வழி. சோதிப்பதும் எளிது: மைக்கின் தலையை விரல் நகத்தால் ஒருமுறை தட்டுங்கள். 'டக்' ஒன்றாகக் கேட்டால் சரி, 'டக்-டக்' என்று இரண்டாகக் கேட்டால் அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

விசில் அடிக்கும் பிரச்சினைக்கு வருவோம். ஸ்பீக்கரிலிருந்து புறப்பட்ட ஒலி மறுபடி மைக்கில் நுழைந்து, பெருகி, மறுபடி வெளியேறிச் சுழல்வதே அது. அதை ஆராய்ந்த டென்மார்க்கு அறிவியலாளர் சோரன் லார்சன் பெயரால் லார்சன் விளைவு என்றும் அழைப்பார்கள். இதற்கு விலை உயர்ந்த பெட்டி மருந்தல்ல, இடம்தான் மருந்து. கார்டியாய்டு வகை மைக் தன் வால் பக்கத்திலிருந்து வரும் ஒலியை மிகக் குறைவாகவே வாங்குகிறது. எனவே ஸ்பீக்கர் பாடுபவருக்கு முன்னால், மைக்கின் வால் பார்க்கும் திசையில் இருக்க வேண்டும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒருபோதும் கூடாது. மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் அந்தத் திசை குணத்தையே அழித்துவிடுகிறது. உதட்டிலிருந்து 2 அங்குலத்தில் பிடிப்பவர் 4 அங்குலத்துக்கு நகர்த்தினால் மைக்குக்குப் போகும் குரல் 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட ஒலியைக் கூட்டும்போது விசில் வாசலுக்கு வந்து நிற்கும். இரண்டாவது மைக் திறந்திருந்தால் இன்னும் 3 டெசிபல் போயிற்று. சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பேசாத மைக்கை உடனுக்குடன் அணைத்துவிடுவது அதனால்தான்.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. சிமென்ட் பூசிய சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் மேற்கூரை என எதுவும் ஒலியை உறிஞ்சாது. 10க்கு 12 அடி, 10 அடி உயரம் கொண்ட காலி அறையை, ஒலி அடங்கும் நேரத்தைக் கணிக்கும் சபைன் சூத்திரத்தில் போட்டால் ஒலி அடங்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும் என்று வருகிறது. ஹார்வர்டில் 1895இல் ஒரு விரிவுரை அறையின் எதிரொலியைச் சரிசெய்யப் பணிக்கப்பட்ட வாலஸ் சபைன், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்து வந்து, ஒவ்வொன்றாகப் பரப்பி, அடங்கும் நேரத்தை அளந்தே அந்தச் சூத்திரத்துக்கு வந்து சேர்ந்தார். நம் வீட்டில் ஜமுக்காளமும் பருத்தித் திரையும் சோபாவும் நாலு மனிதர்களும் அதே வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் இருந்தால் 3 விநாடி ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். ஜமுக்காளத்தைத் தரையில் விரிப்பதோடு, பாடுபவருக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். விசில் வராமல் ஒலியைக் கூட்ட முடிகிற அளவு அப்போதே உயரும்.

அதே அறையில் அகலமும் உயரமும் 10 அடியாகச் சமமாக இருப்பதால் 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரு மடங்கான 112 ஹெர்ட்ஸிலும் ஒலி உப்பும். இந்த 112 ஆண்குரலின் கீழ்ஸ்வரங்கள் இருக்கும் இடம். சில ஸ்வரங்கள் மட்டும் 'உம்'மென்று பானைக்குள் ஒலிப்பது போலக் கேட்பதற்குக் காரணம் அதுதான். ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் இது இன்னும் மோசமாகும். சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளி, ஸ்டூல் போட்டு, உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்துக்கு ட்வீட்டர் வரும்படி வைத்து, மிக்சரில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட வேண்டும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது, சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், அவர்கள் போடும் அதிரடிப் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் பாடப் பழகிய மைக்கை எடுத்துப் போங்கள். பேஸ், ட்ரிபிள் குமிழ்களை நடுவில் நிறுத்தி, எக்கோவை முழுக்க மூடி, முதலில் சாதாரணமாகப் பேசுங்கள். 'வாழை, வாளை, வாலை' என்று சொல்லும்போது கூட வந்தவர் உங்கள் வாயைப் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். 'பம்பரம்' என்று சொன்னால் ஊஃபர் 'பொத்'தென்று குதிக்கிறதா, 'சிலிர்ப்பு' என்று சொன்னால் காதைக் குத்துகிறதா என்று கவனியுங்கள். பிறகு உங்களால் எட்ட முடிந்த மிக உயர்ந்த ஸ்வரத்தைத் தயங்காமல் முழுக் குரலில் பாடுங்கள். கடையில் வெட்கப்பட்டு மெல்லப் பாடிவிட்டு வந்தால் அந்தப் பெட்டியின் குறை வீட்டில்தான் தெரியும். கடைசியாக, எதுவும் பேசாமல் மைக்கைத் திறந்துவைத்து ஒலியைப் பாடும் அளவில் நிறுத்திக் கேளுங்கள். 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் 1 மீட்டரில் கேட்டால், நள்ளிரவு அமைதியில் அது அறை முழுவதும் கேட்கும்.

பணத்தைப் பங்கிடச் சொன்னால், 100 ரூபாயில் 60ஐ ஸ்பீக்கருக்கும் 25ஐ மைக்குக்கும் மிச்சத்தை நல்ல வயருக்கும் ஸ்டாண்டுக்கும் வைப்பேன். ஸ்பீக்கரில் மைக் சுற்று இல்லாமல் மிக்சர் தேவைப்பட்டால் ஸ்பீக்கரின் பங்கிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும்; மைக்கின் பங்கைத் தொடக் கூடாது. பெரிய பெயர் பொறித்த மைக் நம்ப முடியாத விலைக்கு வந்தால் அது போலி என்றே வைத்துக்கொள்ளலாம். அதைவிட அதிகம் அறியப்படாத நிறுவனத்தின் நேர்மையான டைனமிக் மைக் நன்றாகவே பாடும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் குரல் மட்டும் ஒலிக்கும் சிறு பெட்டி இன்னொரு விதத்திலும் உதவுகிறது. சுவரைக் கடந்து பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் பேஸ்தான். உயர்ந்த அதிர்வெண்களைச் சுவர் நன்றாகவே தடுக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. டிராக்கின் பேஸைக் குறைத்து, குரலைத் தனிப் பெட்டியில் தெளிவாக வைத்தால் மொத்தச் சத்தத்தைக் குறைத்தும் நிறைவாகப் பாடலாம், ஏனென்றால் குரல் எதோடும் போட்டி போட வேண்டியிருக்காது.

சித்தப்பா வீட்டு ஹாலில் இப்போது டிவிக்கு இடப்பக்கம் ஒரு மர ஸ்டூலின் மேல் ஆறரை அங்குலப் பெட்டி ஒன்று நிற்கிறது. ஹோம் தியேட்டர் டிராக்கை மட்டும் வாசிக்கிறது, அதன் பேஸ் கால்வாசியில் இருக்கிறது, முகப்பிலிருந்த மைக் துளைகளில் ரப்பர் மூடி போட்டாயிற்று. மாலை 6 மணிக்குப் பவானி ஜமுக்காளத்தைச் சித்தி விரிப்பார். சித்தப்பா மைக்கை உதட்டருகே பிடித்துப் பாடுகிறார். சரணத்தில் ழகரம் வரும் இடத்தில் கொஞ்சம் நின்று, அதைக் காதாரக் கேட்டுவிட்டு, அடுத்த சொல்லுக்குப் போகிறார்.